கூட்டப் பொருள் எண் 47

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலையை இப்படி ஒரு விஷயத்துக்காக ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், அதற்கே முதலில் நன்றி. ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். மாநகராட்சி மன்றக் கூட்டத்தின் அஜெண்டாவை, அந்தத் தாளை, கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். இரண்டு கை. அதில் ஒருவர் மின்விசிறியைக் குறைக்கச் சொல்லித் தூக்கியிருக்கிறார். சரி, ஒரு கை.

பரவாயில்லை. ஐம்பது வயதுவரை நானும் பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வருவதற்கு முன் வேறொரு ஊரில் குடியிருந்தேன். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் வீட்டுக்கு எதிரே இருபது சென்ட் இருக்கும், பொது இடம். ஒரு மூலையில் வேப்பமரம், இன்னொரு மூலையில் இஸ்திரி வண்டி. சாயங்காலம் நாலரை ஆனால் பையன்கள் செங்கல்லை ஸ்டம்ப்பாக நிறுத்திவிடுவார்கள். என் வீட்டு ஜன்னல் கண்ணாடி மூன்று முறை போயிருக்கிறது. ஒருநாள் காலையில் ஜேசிபி வந்து நின்றது. கடைகள் கட்டப் போகிறார்களாம். யார் சொன்னது, எப்போது முடிவானது, ஒருவருக்கும் தெரியவில்லை.

கவுன்சிலரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர்தான். அவரே அலமாரியைத் திறந்து, இரண்டு மாதத்துக்கு முந்தைய கூட்டக் கட்டை எடுத்துப் புரட்டினார். கூட்டப் பொருள் எண் 47. நீளமான ஒரே வாக்கியம். 'பார்வை: ந.க.எண்' என்று தொடங்கி, முக்கால் பக்கம் ஓடி, 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்று முடிகிறது. நடுவில் எங்கள் தெருவின் பெயர். அதற்குப் பக்கத்தில் 'பயன்பாடற்ற நிலையில் உள்ள காலியிடம்' என்று ஒரு வரி. அந்த வரியை நாங்கள் நாலு பேரும் மாறி மாறிப் படித்தோம். தினமும் முப்பது பையன்கள் புழுதி கிளப்பும் இடம், கோப்பில் பயன்பாடற்ற இடம்! கவுன்சிலர் தலையைச் சொறிந்துகொண்டு, "நானும்தான் சார் கை தூக்கினேன். அறுபது எழுபது பொருள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நம்ம தெரு உள்ளே இருக்கிறது என்றே தெரியாது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் மேல்தான் வந்தது. வீட்டுக்கு எதிரே இருக்கும் இடத்தைப் பற்றி நாங்களும்தானே ஒரு தாளிலும் எழுதி வைக்கவில்லை?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாம் சண்டை போடப் போகிற நேரம் பெரும்பாலும் தப்பான நேரம். மன்றக் கூட்டத்தில் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று பேப்பரில் படித்த பிறகுதான் புறப்படுகிறோம். ஆனால் அந்தத் தீர்மானம் அன்றைக்குப் பிறந்ததல்ல. வார்டு உதவிப் பொறியாளர் மேஜையில் மதிப்பீடாகத் தொடங்கி, மண்டல அலுவலகம் போய், துறைக்குப் போய், கவுன்சிலர்கள் சிலரே அடங்கிய நிலைக்குழுவுக்குப் போய், அப்புறம்தான் மன்றத்துக்கு வருகிறது. வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள், நகரமைப்பு, சுகாதாரம், கல்வி, கணக்கு என்று சென்னையில் இந்த நிலைக்குழுக்கள் தனித்தனியாக இருக்கின்றன. மன்றத்துக்கு வந்து சேரும்போது அது வெந்து, வடித்து, இலையில் போட்ட சோறு. உப்பு போதவில்லை என்று அப்போது சொன்னால் ஊறுகாய்தான் கிடைக்கும். 'பின்னேற்பு' என்று இன்னொரு வகையும் இருக்கிறது, வேலையை முடித்துவிட்டு அதற்குப் பிறகு அனுமதி கேட்பது. அதில் ஊறுகாயும் இல்லை.

தாமதமாக விழித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூருவில் ஒரு வழக்கு இருக்கிறது. சதாசிவநகர்ப் பக்கம் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்குக் கொடுத்தார்கள். கொடுத்தது 1976-இல். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் பொதுமக்களுக்கு நல்லதுதானே என்பது எதிர்த்தரப்பு வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொதுப் பூங்காவும் தனியார் மருத்துவமனையும் ஒன்றல்ல என்று, ஒதுக்கீட்டை ரத்து செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பையே உறுதி செய்தது. குடியிருந்தவர்கள் ஜெயித்தார்கள். தீர்ப்பு வந்த வருடம் 1991. பதினைந்து வருடம்! அந்தப் பூங்காவில் விளையாட வேண்டிய பிள்ளைகளுக்கு அதற்குள் கல்யாணமே ஆகியிருக்கும்.

அதனால்தான் முன்னாலேயே போகச் சொல்கிறேன். அதற்குச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் இதற்கு விதிகள் வந்தது 2022-இல். வார்டு குழுவோடு ஏரியா சபையும் சேர்ந்தே வந்தது. கிராமத்துக்கு கிராம சபை மாதிரி, நகரத்துக்கு இது. அதே வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே வந்தார். சென்னையில் 200 வார்டு, வார்டுக்கு 10 என்று 2,000 ஏரியா சபைகள்.

அங்கே போய் நாம் என்ன பேசுகிறோம்? நான் போயிருக்கிறேன். தெருவிளக்கு எரியவில்லை, கொசு மருந்து அடிக்கவில்லை, எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. எல்லாம் நேற்றைய கதை. தெருவிளக்குக்குப் போனில் புகார் செய்தால் போதும், சபை எதற்கு? அங்கே கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். "அடுத்த மூன்று மாதத்தில் நம் வார்டிலிருந்து மண்டலத்துக்கும் மன்றத்துக்கும் என்னென்ன கோப்பு போகிறது?" கேட்டுப் பாருங்கள். முதல் முறை யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். 'அதெல்லாம் இங்கே இல்லைங்க' என்பார்கள். பதில் வரவில்லை என்பதையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது முறை ஒரு பட்டியலாவது கையில் வைத்திருப்பார்கள். கேட்டும் கிடைக்காததற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய், முப்பது நாள்.

நாள் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தூரமாகப் போக வேண்டாம். சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுப்பதற்கான தீர்மானம் 2025 ஜூனில் மன்றத்தில் நிறைவேறியது. நம்மில் எத்தனை பேர் அன்றைக்கு அதைக் கவனித்தோம்? நான் கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 1-ஆம் தேதி தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. மழையிலும் வெயிலிலும் பதின்மூன்று நாள். 13-ஆம் தேதி இரவோடு இரவாக அவர்களை அப்புறப்படுத்தினார்கள். தனியார்மயம் சரியா தப்பா என்று இந்த அறையிலேயே இரண்டு கட்சி இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. விடியற்காலையில் நம் வாசலுக்கு வந்து 'அம்மா, குப்பை' என்று கூப்பிடுகிற பெண்ணின் வேலையும் சம்பளமும் மாறப்போகிற தீர்மானம் அது. அவளுக்கும் முன்கூட்டிச் சொல்லும் இடம் இல்லை, நமக்கும் கேட்கும் வழக்கம் இல்லை.

கொடுங்கையூர்க்காரர்கள் வேறு மாதிரி. குப்பைக் கிடங்கோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்கள். அங்கே குப்பையை எரிக்கும் எரிஉலை வரப்போகிறது என்றதும், அது கட்டப்படுவதற்கு முன்பே, 2025-இல் வடசென்னையில் மனிதச் சங்கிலியாகக் கை கோத்து நின்றார்கள். சரியான நேரத்தில் நின்றார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் கவுன்சிலர் சட்டையைப் பிடிக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். சொத்துவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் பழைய சென்னைப் பகுதியில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் என்று உயர்ந்தது. 2024 செப்டம்பரில் மேலும் 6 சதவீதத்துக்கு மன்றம் கை தூக்கியது. விகிதத்தின் சூத்திரம் கோட்டையில் எழுதப்படுகிறது, ரிப்பன் மாளிகையில் அது நிறைவேறுகிறது, அவ்வளவுதான். குடிநீரும் கழிவுநீரும் 1978-இல் இருந்து தனி வாரியத்தின் கையில். மன்றத்தில் எவ்வளவு கத்தினாலும் குழாயில் தண்ணீர் வராது. பூங்கா, சந்தை, பார்க்கிங், குப்பை ஒப்பந்தம், சாலை, மழைநீர் வடிகால், மாநகராட்சிப் பள்ளி, இவற்றில்தான் மன்றத்தின் கை நேரடியாக இருக்கிறது. நம் மூச்சை அங்கே செலவு பண்ணலாம்.

சாலை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ரோடு போடும் மதிப்பீட்டில் பழைய தாரைச் சுரண்டி எடுக்கிற வேலை, 'மில்லிங்', சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ரோடு உயர்ந்துகொண்டே போகும். 2021-இலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதை வலியுறுத்திச் சுற்றறிக்கை விட்டார். முன்பு சொன்ன ஊரில் என் வீட்டைக் கட்டியபோது வாசலில் மூன்று படி ஏறி உள்ளே போவோம். விற்றுவிட்டு வரும்போது ஒரு படி இறங்கிப் போனோம்.

இந்தச் சங்கத்துக்கே கொஞ்சம் கசப்பான ஒரு விஷயமும் உண்டு. மார்க்கெட் தெருவில் தள்ளுவண்டிகளை எடுக்கச் சொல்லி மனு தயாராகிறது என்று கேள்விப்பட்டேன். சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. அந்தச் சட்டப்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதே குழுவில் இடம் உண்டு. எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே கூடாது என்ற முடிவு அந்தக் குழுவின் ஆலோசனையோடு வர வேண்டும். அங்கே எதிரெதிரே உட்கார்ந்து பேசலாமே. மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கீரைக்கார அக்காவிடம்தான் காலையில் வாங்குகிறார்கள். எனக்கு அந்த மனு பிடிக்கவில்லை. தலைவர் என்னை முறைக்கிறார், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

இன்னொரு கணக்கு. இப்போதைய மன்றம் பொறுப்பேற்றது 2022 மார்ச்சில், ஆயுள் ஐந்து வருடம். அதற்கு முன்னால் 2016 கடைசியிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் மன்றமே கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர் கையெழுத்தில் எல்லாம் ஓடியது. கவுன்சிலர் வாசலில் போய் நிற்கிற வசதிகூட அப்போது இல்லை. ஒரு மன்றம் முடியும் தறுவாயில் கோப்புகள் ஓட ஆரம்பிக்கும். நல்ல வேலையும் ஓடும், அவசரத்தில் தள்ளிவிட வேண்டியதும் அதோடு ஓடும்.

செயலாளரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். நம் வார்டில் இருக்கிற பொது இடம் ஒவ்வொன்றையும் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் போட்டோ எடுத்து, யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். இறகுப்பந்து ஆடுகிறவர்கள், நடக்கிற பெரியவர்கள், வண்டி நிறுத்துகிற டிரைவர், காயப்போட்ட அப்பளம் வரைக்கும். தேதி போட்டு எழுத வேண்டும். அதன் நகல் ஒன்று வார்டு அலுவலகத்துக்கு, ஒன்று கவுன்சிலருக்கு, இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து. எந்த இடத்தையும் யாரும் 'பயன்பாடற்ற' என்று எழுதுவதற்கு முன்னால் அந்த நோட்டு அந்த மேஜையில் இருக்க வேண்டும்.

பின்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். மின்விசிறி இல்லையே? பள்ளிக்கூட மைதானமா? அப்படியென்றால் நான் உட்கார்ந்துவிடுகிறேன். தம்பி, அந்த மைக்கை அவர்களிடம் கொடு.