நிறுத்துங்கள் என்று சொன்னவனுக்கு என்ன கொடுத்தோம்

வணக்கம். நான் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் பதினான்கு வருஷமாகச் சிவில் வேலையில் இருக்கிறேன். இங்கே சிவில் என்றால் வீடு கட்டுவது இல்லை. சாலை, பாலம், மழைநீர்க் குழாய், கழிவுநீர்ப் பாதை, அதாவது வேலை முடிந்ததும் பெரும்பாலும் மண்ணுக்குக் கீழே போய்விடுகிற விஷயங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் இதே தொழிலில் என்ஜினியராக, எஸ்டிமேட்டராக, சப்-காண்ட்ராக்டராக இருப்பீர்கள். அதனால்தான் இதைத் தமிழில் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் தொழிலில் வருஷா வருஷம் விருது விழாக்கள் நடக்கும். யார் நல்ல நிறுவனம் என்று சொல்லும்போது இப்போதெல்லாம் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். ஒன்று பாதுகாப்பு. இன்னொன்று பூர்வகுடி மக்களை வேலையில் சேர்த்துக்கொண்டது. இரண்டுக்கும் தனித்தனிக் கேடயம், தனித்தனி அதிகாரிகள், தனித்தனி அறிக்கைகள். எனக்கு இந்த இரண்டும் ஒரே விஷயமாகத்தான் படுகிறது. ஏன் என்று சொல்ல ஒரு பள்ளத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி மாதம். முதல் நாள் ராத்திரி முழுக்க நல்ல மழை. மழைநீர்க் குழாய் பதிக்க நீளமாகத் தோண்டியிருந்தோம், ஆழம் கிட்டத்தட்ட 1.9 மீட்டர். மேற்கு சிட்னி மண் களிமண். காய்ந்தால் கல்லாக இருக்கும், நனைந்தால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஒன்றரை மீட்டரோ அதற்கு மேலோ ஆழமான பள்ளத்தில் ஆள் இறங்குவதானால் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படிப்படியாகவோ சரிவாகவோ வெட்டியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் மண் நிபுணரான என்ஜினியர் ஒருவர் சரியாது என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இது சட்டம். எங்களுக்கு ஷோரிங் பாக்ஸ், அதாவது சுவருக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புப் பெட்டி, வர வேண்டியிருந்தது, வந்து சேரவில்லை. சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குழாய் ஜாயின்ட்டுதானே, பத்து நிமிஷ வேலை, இறங்கி மாட்டிவிட்டு வாங்க என்றார்.

எங்கள் குழுவில் ஒரு பையன் இருந்தான். வயது பத்தொன்பது. அபோரிஜினல், அதாவது இந்த நாட்டுப் பூர்வகுடிப் பையன், பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவன் பள்ளத்தின் ஓரமாக நடந்துவந்தவன் சட்டென்று நின்று, பூட்ஸ் நுனியால் தரையை லேசாகத் தேய்த்தான். விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, விளிம்புக்கு இணையாக ஒரு விரிசல். தலைமுடி மாதிரி மெல்லிசு, ஆனால் நாலு மீட்டர் நீளத்துக்கு ஓடியது. தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது, பார்த்தால் தெரியும். அவன் சூப்பர்வைசரைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை. என்னிடம் வந்து, குனிந்து கையுறையைச் சரிசெய்வது போல நின்றுகொண்டு, மெதுவாக, அங்கே ஒரு வெடிப்பு இருக்கு என்றான்.

என்னிடம் ஏன் சொன்னான் என்று வெகு நாள் யோசித்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பிரீஸ்டார்ட் கூட்டத்தில் சொல்வது பாதி புரியாமல், புரிந்தது என்று தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இதைவிட மோசமான பள்ளங்களில் இறங்கியிருக்கிறேன். கேள்வி கேட்டால் நாளைக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். அந்தப் பயம் இருந்தவன் முகத்தை அதே பயம் இருக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான் போல. நான் போய்ச் சொன்னேன், சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார், வேலை நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து நாங்கள் ஸ்மோக்கோவில், அதாவது காலை இடைவேளையில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த நாலு மீட்டரும் உள்ளே விழுந்தது. ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன். உள்ளே யாராவது இருந்திருந்தால், தலை வெளியே தெரிந்தால்கூட மார்பை மண் அழுத்தி மூச்சு நின்றுவிடும்.

இப்போது விருதுக்கு வருகிறேன்.

அந்தச் சைட்டில் வாசலிலேயே ஒரு பலகை இருந்தது, விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று. முந்நூறைத் தாண்டியிருந்தது. எங்கள் தொழிலில் பாதுகாப்பை அளக்க ஓர் எண் வைத்திருக்கிறார்கள்: பத்து லட்சம் மணி நேர வேலைக்கு, மறுநாள் வேலைக்கு வர முடியாத அளவுக்கு எத்தனை காயங்கள் என்று. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கை ஒடிந்தவரை மறுநாளே டாக்ஸி வைத்து அழைத்துவந்து ஆபீஸில் உட்காரவைத்து ஃபைல் அடுக்கச் சொன்னால், அவர் வேலைக்கு வந்துவிட்டார், எண் ஏறாது. யாருக்கும் காயம் படாமல் தப்பித்தோமே, அது அந்த எண்ணில் வரவே வராது. அப்படித் தப்பித்ததை எழுதி வைக்கத்தான் பதிவேடு இருக்கிறது. எங்கள் பள்ளம் சரிந்தது அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. இப்போதைக்கு வேண்டாம், விருது விண்ணப்பம் போயிருக்கிறது என்று சொன்னார்கள். அந்த வருஷம் அந்த நிறுவனத்துக்குப் பாதுகாப்புக்காக ஒரு விருது கிடைத்தது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நல்லவர்களும் அங்கே இருந்தார்கள்.

விருது விழாவுக்கு அந்தப் பையனையும் அழைத்துப் போனார்கள். பூர்வகுடி ஓவியம் அச்சிட்ட சட்டை கொடுத்து முன்வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அபோரிஜினல் மக்கள் பேசும் ஆங்கிலத்தில் ஷேம் என்று ஒரு சொல் இருக்கிறது. அவமானம் என்று மட்டும் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்திலிருந்து ஒருவனைத் தனியாகப் பிரித்து நிறுத்தும்போது வருகிற கூச்சமும் அதில் சேர்த்தி, பாராட்டுவதற்காகப் பிரித்து நிறுத்தினாலும் சரிதான். நாலு பேர் முன்னால் நிற்கக் கூசுகிறது என்று நம் அம்மாக்கள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அது. பையன் அந்தப் படத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஐந்து வாரத்தில் ப்ராஜெக்ட் முடிந்தது, அவன் பயிற்சியும் பாதியில் நின்றது. கணக்குக்கு வேண்டிய மணி நேரம் முடிந்துவிட்டது.

கணக்கு என்று நான் சொல்வதை விளக்க வேண்டும். 2015 ஜூலை 1 முதல் மத்திய அரசு பூர்வகுடிக் கொள்முதல் கொள்கை ஒன்றை நடைமுறைப்படுத்துகிறது. அரசு ஒப்பந்தங்களில் ஒரு பங்கு பூர்வகுடி மக்களின் நிறுவனங்களுக்குப் போக வேண்டும். 75 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால், கட்டுமானம் மாதிரியான துறைகளில், எடுத்தவர்கள் அபோரிஜினல் ஆட்களையோ நிறுவனங்களையோ இவ்வளவு ஈடுபடுத்துவோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 ஜூலையில் அரசின் மொத்த ஒப்பந்த மதிப்பில் 3 சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள், அது படிப்படியாக 2030-க்குள் 4 சதவீதமாக உயர வேண்டும். நான் இந்தக் கொள்கையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். இதனால் சொந்தமாக எக்ஸ்கவேட்டர் வாங்கி, சொந்தச் சமூகத்துப் பிள்ளைகளை வேலைக்கு வைத்துக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் ஓட்டை இல்லாமல் இல்லை. பேருக்கு ஒரு அபோரிஜினல் பங்குதாரரை முன்னால் நிறுத்திவிட்டுப் பணத்தை வேறு யாரோ எடுத்துக்கொள்வது நடக்கிறது. இங்கே அதை பிளாக் கிளாடிங் என்பார்கள், கறுப்புப் பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்கத்தான் 2026 ஜூலையிலிருந்து அவர்களிடம் 51 சதவீத உரிமையாவது, இல்லாவிட்டால் நிர்வாகக் கட்டுப்பாடாவது இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

சேர்த்துக்கொள்வது என்ற சொல்லே எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. என்னவோ இவர்கள் இதுவரை உழைக்காமல் இருந்தது போலவும் இப்போதுதான் நாம் கதவைத் திறப்பது போலவும். இந்த நாட்டின் மாட்டுப் பண்ணைகள் அவர்கள் உழைப்பில் வளர்ந்தவை. அந்தக் கூலியை அரசாங்கமே பிடித்து வைத்துக்கொண்டு, கையில் தராமல் விட்ட காலம் ஒன்று இருந்தது. களவுபோன கூலி என்று இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். குயின்ஸ்லாந்து அரசு அதற்காக 2019-இல் 190 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. தாத்தாவின் கூலி அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் காணாமல் போன வீட்டிலிருந்து வருகிற பையனிடம், உன் மணி நேரத்தை எங்கள் அறிக்கையில் எழுதிக்கொள்கிறோம் என்றால் அவன் காதில் அது எப்படி விழும்?

நாம் இருக்கிற இடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கிர்ரவீன் என்றால் பூக்கள் இருக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். பரமட்டா என்ற பெயரில் விலாங்கு மீன் இருக்கிறது. பக்கத்திலேயே பெமுல்வுய் என்று ஒரு பேட்டை, 1797-இல் பரமட்டாவில் வெள்ளைக்காரப் படையை எதிர்த்து நின்ற வீரனின் பெயர். பிளாக்டவுன் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? அபோரிஜினல் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த பள்ளி ஒன்று 1823-இல் பரமட்டாவிலிருந்து அங்கே மாறியது, அதை ஒட்டி வந்த பெயர். அந்த நிலம் 2018-இல்தான் அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான தாருக் மக்களிடம் திரும்பப் போனது. இந்த மண்ணைத் தோண்டித்தான் நான் சம்பாதிக்கிறேன், என் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

தோண்டும்போது என்னென்னவோ கிடைக்கும். 2016-இல் சிட்னி ராண்ட்விக்கில் லைட் ரயில் வேலைக்காகத் தோண்டியபோது இருபதாயிரத்துக்கு மேல் கல் கருவிகள் கிடைத்தன. அவற்றைப் பார்த்த அபோரிஜினல் பிரதிநிதிகள் வேலையை நிறுத்தச் சொன்னார்கள், சர்ச்சை பத்திரிகைகளில் வந்தது, கடைசியில் ரயில் வந்துவிட்டது. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இன்று நான் இதைப் பேசும்போதும் அபோரிஜினல் பாரம்பரியத்துக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. 1974-ஆம் ஆண்டின் தேசியப் பூங்கா, வனவிலங்குச் சட்டத்துக்குள்தான் அதைச் செருகி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

எங்கள் சைட்களில் எதிர்பாராமல் எதாவது கிடைத்தால் என்ன செய்வது என்று ஒரு நடைமுறை உண்டு. கருவி மாதிரி ஒரு கல், எலும்பு, சிப்பிக் குவியல் தெரிந்தால் உடனே மெஷினை நிறுத்து, சுற்றிக் கயிறு கட்டு, சொல்லு. பாதுகாப்புச் சட்டத்திலும் இதே போல ஒன்று இருக்கிறது. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு. உடனடியாக உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து வரும் என்று நியாயமான காரணத்தோடு அஞ்சினால் தொழிலாளி வேலையை நிறுத்தலாம், செய்ய மாட்டேன் என்று மறுக்கலாம். விக்டோரியாவில் வேறு சட்டம், அங்கே இருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான், தரையில் நிற்கிற ஆள் நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வாயிலிருந்து வருமா, வந்தால் மேலே இருப்பவர் காதில் ஏறுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தவன் சொல்ல மாட்டான். அவன் சேர்க்கப்படவில்லை என்றால் நாங்கள் யாரும் பாதுகாப்பாக இல்லை. அந்த விரிசலை அன்றைக்கு அவன்தான் பார்த்தான், பல வருஷ அனுபவம் இருந்த நான் அதன் மேல் நடந்து போயிருந்தேன்.

2023-இல் ஆஸ்திரேலியாவில் வேலை செய்யும்போது காயம்பட்டு இறந்தவர்கள் 200 பேர். அதில் 45 பேர் கட்டுமானத் தொழிலில். எங்கள் தலைமுறைக்கு முன்னால் மெல்போர்னில் 1970 அக்டோபர் 15 அன்று வெஸ்ட் கேட் பாலம் கட்டும்போதே இடிந்து 35 பேர் போனார்கள். பாலத்துக்கு அடியில் குடிசை போட்டு, அதில் மதிய இடைவேளைக்கு உட்கார்ந்திருந்தவர்களும் அதில் உண்டு. தவறுக்குப் பொறுப்பானவர்களுக்கு இப்போது நியூ சவுத் வேல்ஸில் 25 வருஷம் வரை சிறை விதிக்கலாம், 2024-இல் அந்தச் சட்டம் வந்தது. வரவேற்கிறேன். ஆனால் அது ஆள் செத்த பிறகு வேலை செய்கிற சட்டம்.

விருது கொடுப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்கள் சைட்டில் இந்த வருஷம் எத்தனை முறை வேலையை நிறுத்தினீர்கள், யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று விண்ணப்பத்தில் கேளுங்கள். ஒரு தடவைகூட இல்லை என்று எழுதினால் அந்தச் சைட்டைப் போய்ப் பாருங்கள். எத்தனை அபோரிஜினல் ஆட்களைச் சேர்த்தீர்கள் என்று கேட்பதோடு, இரண்டு வருஷம் கழித்து அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யாராவது சூப்பர்வைசர் ஆனார்களா என்றும் கேளுங்கள். சாவு வீட்டுக்கு லீவு கொடுத்தீர்களா என்று கேளுங்கள். அவர்கள் அதை சாரி பிசினஸ் என்பார்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் நெருங்கிய உறவுதான், துக்கம் ஒரு நாளில் முடியாது. நம் வீடுகளில் இது புரியாமல் போகாது. அவர்களும் நம்மைப் போலவே பெரியவர்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பையன் இப்போது அபோரிஜினல் குடும்பம் ஒன்று நடத்தும் நிறுவனத்தில் எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறான். தொழிலாளர்கள் அவனைப் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு முன் அவனைக் கூப்பிட்டு, உன் கதையைச் சொல்லலாமா என்று கேட்டேன். பெயர் வேண்டாம், ஷேம் என்று சிரித்தான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த வெடிப்பை அவர்கள் எழுதி வைத்தார்களா என்றான். இல்லை என்றேன். சரி, அப்போ நீங்களாவது ரேடியோவில் சொல்லிவிடுங்கள் என்றான்.

சொல்கிறேன். பிப்ரவரி மாதம், மழைக்கு மறுநாள் காலை. பள்ளத்தின் ஆழம் 1.9 மீட்டர், முட்டு இல்லை. விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நாலு மீட்டர் நீளத்துக்கு விரிசல். முக்கால் மணி நேரத்தில் சரிந்தது. காயம் யாருக்கும் இல்லை. பார்த்துச் சொன்னது பத்தொன்பது வயதுப் பயிற்சித் தொழிலாளி.