பத்து வீதக் கழிவும் பால்மா வரிசையும்: சுதந்திரச் சந்தை எப்பிடி வேலை செய்யுது

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்தில மருதனார்மடம், சுன்னாகம் சந்தைக்கு மரக்கறி கொண்டு போற ஆரிட்டையாவது கேட்டுப் பாருங்கோ, முதல் வாற முறைப்பாடு கழிவு. நூறு கிலோ கத்தரிக்காயைக் குடுத்தா, பத்துக் கிலோவைக் கழிச்சுப் போட்டு தொண்ணூறுக்குத்தான் காசு தருவினம். இதைத் தடை செய்யோணும் எண்டு கனகாலமாச் சொல்லினம். சரி, தடை செய்தா கமக்காரற்ற கைக்குக் கூடக் காசு வருமோ? இந்தக் கணக்கை ஒருக்கா வடிவாப் பாப்பம்.

கிலோ 200 ரூபா எண்டு வையுங்கோ. 90 தர 200, 18,000 ரூபா. நாளைக்குக் கழிவு எடுத்தாத் தண்டம் எண்டு சட்டம் வருது. வியாபாரி முழு நூறையும் நிறுத்துப் போட்டு, விலை 180 எண்டுவார். 100 தர 180, அதே 18,000. அவருக்கு ஏன் அப்பிடிச் சொல்ல ஏலுது? கத்தரிக்காய் நாளைக்கு வாடும். திருப்பி ஏத்திக்கொண்டு போனா வாகனக் கூலி. வேற வாங்கிற ஆளும் பக்கத்தில இல்லை.

இப்ப தம்புள்ளை லொறி ஒண்டு நேர தோட்டத்துக்கு வந்து, கழிவில்லாமல் 210 தாறன் எண்டு நிண்டா? 21,000 ஆச்சு. சந்தை வியாபாரி ஒண்டில் கழிவை விடோணும், இல்லாட்டி தொண்ணூறு கிலோவுக்கு 234 ரூபாப்படி குடுக்கோணும். சட்டம் எதுவும் இல்லாமல் கமக்காரற்ற கையில 3,000 ரூபா கூடுது. கழிவைத் தடுக்கிறதால ஒரு நன்மை கட்டாயம் இருக்கு, விலை வெளிப்படையாத் தெரியும், ஒண்டோட ஒண்டை ஒப்பிடலாம். ஆனா வருமானத்தைக் கூட்டுறது இரண்டாவது கொள்வனவாளர். அதால நாங்கள் கேக்க வேண்டிய கேள்வி வேற: புதுசா ஒருத்தர் தராசு வைச்சு மரக்கறி வாங்க வெளிக்கிட்டா, அவருக்கு எத்தினை அனுமதி வேணும்? சந்தைக்கு வெளியில விக்கக் கூடாது எண்டு தடை போட்டா, அந்தத் தடை ஆரைப் பாதுகாக்குது?

இந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு தத்துவம் இருக்கு. லிபர்ட்டேரியனிசம் எண்டுவினம், தமிழில சுதந்திரவாதம். அது தொடங்கிறது உடம்பில இருந்து. உங்கட உடம்புக்கு நீங்கள்தான் சொந்தக்காரர், அதால உழைப்பும் உங்கட. வெருட்டாமல், ஏமாத்தாமல் அந்த உழைப்பால வந்த சொத்தும் உங்கட. 1689இல ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக் போட்ட அத்திவாரம் இது. மற்ற ஆளின்ர உடம்பிலயோ சொத்திலயோ முதல்ல கை வைக்கக் கூடாது, அரசாங்கத்துக்கும் அதில விலக்கு இல்லை. அப்ப அரசாங்கமே வேண்டாமோ? அமெரிக்கப் பொருளியலாளர் முறே ரொத்பார்ட் வேண்டாம் எண்டார். அமெரிக்கத் தத்துவஞானி ரொபேர்ட் நோசிக் 1974இல, பொலிசும் நீதிமன்றமும் நாட்டுப் பாதுகாப்பும் ஒப்பந்தங்களை நிறைவேத்துறதும் போதும் எண்டார். பொருளியலாளர்கள் ஹயக்கும் மில்டன் ஃபிரீட்மனும் வறிய ஆக்களுக்கு அடிப்படை உதவி குடுக்கலாம் எண்ட பக்கம். தமிழரில ராஜாஜி 1959இல சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, எல்லாத்துக்கும் பெர்மிட், லைசன்ஸ், கோட்டா எண்டு நடந்த ஆட்சியை எதிர்த்தார்.

எங்கட வீட்டுக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கு. யாழ்ப்பாணத் தமிழற்ற வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டின பெண், தன்ர பேரில இருக்கிற சீதனக் காணியை விக்க வெளிக்கிட்டா, புருசன்ர எழுத்துமூலச் சம்மதம் வேணும். நொத்தாரிசு கட்டாயம் கேப்பார். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைக் கட்டளைச் சட்டம் அப்பிடிச் சொல்லுது. நகையை, அசையும் சொத்தை அவ தன்ர பாட்டில விக்கலாம். மரணசாசனத்தில காணியை ஆருக்கும் எழுதலாம். உயிரோட இருக்கேக்க விக்கத்தான் சம்மதம். புருசன் விட்டிட்டுப் போயிருந்தால், இல்லாட்டி நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி கேக்கோணும். புருசன் தன்ர காணியை விக்க மனிசியின்ர கையெழுத்து தேவையில்லை. உறுதியில பேர் இருந்தும் முடிவெடுக்கிற உரிமை பாதிதான் எண்டால், அது பாதிச் சொத்து. என்ர நிலைப்பாடு தெளிவு: இந்தச் சட்டப் பிரிவை நீக்கோணும்.

இனி விலை. விலை எண்டது சிதறிக் கிடக்கிற தகவலைக் கொண்டு வாற செய்தி எண்டு ஹயக் 1945இல விளக்கினார். அந்தச் செய்தியை அடைச்சா என்ன நடக்கும் எண்டதை 2021இல நாங்கள் எல்லாரும் பாத்தம். 400 கிராம் பால்மாப் பெட்டிக்குக் கட்டுப்பாட்டு விலை 380 ரூபா. உலகச் சந்தையில பால்மா விலை ஏறீட்டுது, கப்பல் கூலி ஏறீட்டுது, டொலரும் கிடையாது. கொண்டு வந்து இறக்கிற செலவே கட்டுப்பாட்டு விலைக்கு மேல போகேக்க, இறக்குமதியாளர் வங்கியில எல்.சி. (இறக்குமதிக்கான கடன் கடிதம்) திறக்க மாட்டார். கடைக்கு வாற பெட்டி குறையும். முதலாளி அதை வழமையா வாற ஆக்களுக்கு எடுத்து வைப்பார், இல்லாட்டி வேற சாமானும் சேத்து வேண்டினாத்தான் பால்மா எண்டுவார். மேசைக்குக் கீழால கூட விலைக்கும் போகும். சட்டப்படி விலை 380, ஆனா நாட்கூலிக்குப் போறவருக்கு வரிசையில நிண்ட அரை நாள் சம்பளமும் விலைதான். அந்த ஒக்டோபரில கட்டுப்பாட்டை எடுத்தினம், பெட்டி 480 ஆச்சு. ஏழைக்கு அந்த நூறு ரூபா உண்மையாவே சுமை. அதுக்கு உதவி குடுக்கிறதெண்டால் அவரின்ர கையில காசாக் குடுக்கோணும். விலையைப் பூட்டினாச் சாமான் வராது.

டொலருக்கும் இதே கதைதான். 2022 மார்ச் வரைக்கும் வங்கியில ஏறக்குறைய 200 ரூபாவில பிடிச்சு வைச்சிருந்தினம், வெளியில அதைவிடக் கூட. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் உண்டியலால, அதாவது வங்கிக்கு வெளியால ஆள் மூலமா, காசு அனுப்பிச்சினம், வங்கிக்கு வாற டொலர் வத்திச்சுது.

இப்ப நீங்கள் கேப்பியள்: "1977இல இறக்குமதியைத் திறந்து விட்டதாலதானே எங்கட மிளகாயும் வெங்காயமும் விழுந்தது?" ஓம், நியாயமான கேள்வி. 1970 தொடக்கம் 77 வரை இறக்குமதித் தடையால செம்பாட்டு மண்ணில செத்தல் மிளகாயும் வெங்காயமும் பொன் விளைஞ்ச மாதிரி. கல்வீடு கட்டினவை இருக்கினம். ஆனா அந்தக் கூடின விலையை முழு இலங்கையிலயும் சமைக்கிற ஒவ்வொரு வீடும் குடுத்தது. அதே ஆட்சியில நெல், அரிசியைத் தன்ர பாட்டில ஊருக்கு ஊர் கொண்டு போகவும் தடை, பாணுக்கும் வரிசை. ஒரு கதவைப் பூட்டிற அதிகாரத்தைக் குடுத்தா, மற்றக் கதவும் அவையின்ர கையிலதான்.

ஆனா தடையை நம்பிக் கிணறு வெட்டி, மெசின் வேண்டிக் கடன்பட்டவரை, மாற அவகாசமே குடுக்காமல் போட்டிக்குள்ள தள்ளினது பெரிய அநியாயம். சுதந்திரச் சந்தை பேசுற கன பேர் இந்த இடத்தை வேகமாத் தாண்டிப் போகினம். போகக் கூடாது. கொள்கை நிலையா இருக்கிறதும் சந்தைக்கு வேணும். இண்டைக்கும் பாருங்கோ, இறக்குமதியாகிற உருளைக்கிழங்குக்கும் பெரிய வெங்காயத்துக்கும் விசேட வியாபாரப் பண்ட வரி, அமைச்சர் வர்த்தமானியால கூட்டலாம், குறைக்கலாம். கிழங்கு நட்டுக் கிண்ட ஏறக்குறைய மூண்டு மாசம் போகும். நடேக்க இருந்த வரி கிண்டேக்க இருக்குமோ எண்டு தெரியாமல் என்னெண்டு கணக்குப் போடுறது?

கடைசியா, இந்தத் தத்துவம் திணறுற ஒரு இடம். எங்கட கிணறு. உறுதியில கிணத்துப் பங்கு, வாய்க்கால், வழி எல்லாம் எழுதிக் கிடக்கு, இறைக்கிற முறையும் பிரிச்சுக் கிடக்கு. ஆனா அடியில இருக்கிறது சுண்ணாம்புக் கல். ஒரு வளவில மோட்டரால இழுத்தா அடுத்த வளவுத் தண்ணியும் இறங்கும், கூட இழுத்தா உவர் ஏறும். ஒரு தோட்டத்தில போட்ட யூரியா, நைத்திரேற்றா மற்றவன்ர குடிதண்ணியில நிக்கும். அந்தத் தண்ணிக்கு வேலி போட ஏலாது, அதால லொக்கின்ர விடை இஞ்ச போதாது. சிலர் இறைக்கிற உரிமையை அளவு போட்டுப் பங்கிட்டு, வித்து வாங்க விடோணும் எண்டுவினம். 2009இல நோபல் பரிசு எடுத்த எலினோர் ஓஸ்ட்ரம், பாவிக்கிற ஆக்களே விதி போட்டுக் கண்காணிச்சா நல்லா நடக்கும் எண்டதைப் பல நாட்டு நீர்ப்பாசனங்களில காட்டினவ. எனக்கு அதுதான் சரியாப் படுது: மோட்டருக்கு மீற்றர் பூட்டி, கோடையில உவர் கூடினா எல்லாரும் ஒரே வீதத்தில இறைப்பைக் குறைச்சு, மீறினவரிட்ட கமக்காரர் அமைப்பே தண்டம் அறவிடுறது. எந்த ஊரில தொடங்கலாம், ஆர் அளக்கிறது எண்டதை அடுத்த வீடியோவில கதைப்பம்.