முதலில் தேதியைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் நாளிதழ் வந்ததும் ராசிபலன் பார்ப்பவர்கள் உண்டு. தங்கம் விலை பார்ப்பவர்கள் உண்டு. நான் டெண்டர் அறிவிப்பைத் தேடுவேன்; அரசு வேலையை எந்த விலைக்குச் செய்வீர்கள் என்று காண்டிராக்டர்களைக் கேட்கும் அறிவிப்பு அது. ஓர் உள்ளாட்சி அலுவலகத்தின் பொறியியல் பிரிவில் எழுத்தராகக் காலம் தள்ளியவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்தில் இருக்கும் அந்த அறிவிப்பில், எல்லோரும் முதலில் தொகையைத்தான் பார்ப்பார்கள். இத்தனை லட்சமா என்று வாயைப் பிளப்பார்கள். தொகை அப்புறம் இருக்கட்டும். முதலில் தேதியைப் பாருங்கள். அறிவிப்பு என்று வந்தது, ஒப்பந்தப்புள்ளி, அதாவது டெண்டர், போடக் கடைசி நாள் என்று. நடுவில் எத்தனை நாள்?

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1998இல் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது; 2000இல் விதிகள் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான வேலை என்றால் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது விதி. குறைக்கலாம். ஆனால் டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலே இருப்பவர், காரணத்தை எழுத்தில் பதிவு செய்து குறைக்க வேண்டும். எழுத்தில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வானொலியில் அடிக்கோடு போட முடியாது, ஆகவே இன்னொரு முறை சொல்கிறேன்: எழுத்தில்.

நாளில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வெளியூர்க் காண்டிராக்டர் ஒருவர் வேலை நடக்கும் இடத்தை வந்து பார்க்க வேண்டும், ஜல்லி எங்கிருந்து ஏற்றுவது என்று கணக்குப் போட வேண்டும், டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகைக்குப் பணம் புரட்ட வேண்டும். ஐந்து நாளில் இத்தனையும் யாரால் முடியும்? ஒரு மாதம் முன்பே சேதி தெரிந்தவரால் முடியும்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். எல்லாம் காகிதமும் அரக்கு முத்திரையுமாக இருந்த காலம். மழைநீர் வடிகால் வேலை ஒன்றுக்கு மூன்று உறைகள் வந்திருந்தன. விதிப்படி எல்லோர் முன்னிலையிலும் பிரித்து, பெயரையும் தொகையையும் உரக்க வாசித்தார்கள். ஒருவர் அலுவலக மதிப்பீட்டுக்குச் சற்றே கீழே கேட்டிருந்தார், மற்ற இருவரும் மேலே. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்வைப்புத் தொகைக்காக அவர்கள் வைத்த வங்கி வரைவோலைகளைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை என்னுடையது. முதல் எண்ணை எழுதினேன். 417 என்று முடிந்தது. அடுத்தது 418. மூன்றாவதைப் பார்க்காமலே எழுதியிருக்கலாம். ஒரே வங்கி, ஒரே கிளை, ஒரே நாள்! போட்டியாளர்கள் மூவரும் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்று வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் மாப்பிள்ளை, மற்ற இருவர் மாப்பிள்ளைத் தோழர்கள்.

மேலாளரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனம்மா, எண் வரிசையாக வந்தால் கணக்குக்கு நல்லதுதானே?" என்றார். நான் பதிவேட்டில் எழுதிவிட்டு இடத்துக்குத் திரும்பினேன். அன்று ஒரு குறிப்பாவது எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை.

இப்போது எல்லாம் கணினி, மின்னணு டெண்டர், இனி இந்தக் கூத்து நடக்காது என்பார்கள். சத்தீஸ்கரில் நடந்ததைக் கேளுங்கள். அந்த மாநிலத்தின் மின்னணு டெண்டர்களை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2019இல் வெளியானது. அதிகாரிகள் டெண்டர் வேலைக்குப் பயன்படுத்திய 74 கணினிகளிலிருந்தே விண்ணப்பதாரர்களும் தங்கள் டெண்டரைப் பதிவேற்றியிருந்தார்கள். சம்பந்தப்பட்ட டெண்டர்களின் மதிப்பு சுமார் 4,601 கோடி ரூபாய். எனக்கு 417, 418தான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம்: கணினி தடயத்தை மறப்பதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதும் இல்லை.

தேதிக்கு அடுத்தபடி நிபந்தனையைப் பாருங்கள். சாதாரண சிமெண்ட் சாலைக்கு, இன்ன இயந்திரம் சொந்தமாக இருக்க வேண்டும், கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தால், மாவட்டத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒரு விரலோடு எண்ணிக்கை நின்றுவிட்டால், அந்த நிபந்தனை சட்டை தைப்பதுபோல் ஒருவருக்கு அளவெடுத்து எழுதியது. நல்ல வேலைக்கு அனுபவசாலி தேவைதான், அதை மறுக்கவில்லை. பாலம் கட்டப் புதியவரை விட முடியாது. தெருச் சாக்கடைக்குமா?

வேலை தொடங்கிய பிறகு நடப்பதைத்தான் விரிவாகப் பேச வந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம். ஆகவே ஓட்டமாகச் சொல்கிறேன். நடந்த வேலையை அளந்து எழுதும் புத்தகத்துக்கு அளவைப் புத்தகம் என்று பெயர். நாங்கள் எம்-புக் என்போம். காண்டிராக்டருக்கு பில் தொகை அதை வைத்துத்தான் வழங்கப்படுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் அதன் நகலைக் கேட்கலாம். பலருக்குத் தெரியாதது, நடந்த வேலையையே நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றளிக்கப்பட்டதாகக் கேட்டுப் பெறவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. மனுவில் வேலையின் பெயரையும் ஆண்டையும் சரியாகக் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகல் வந்ததும் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். இதோ, ஒரு விரல்தான் தெரிகிறது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.