வார்டுக்கு ஒரு போன்

(ஓய்வூதியர் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, ஆறு மணிக் கூட்டத்துக்கு ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்ட மருத்துவ அலுவலர் அவர்களே, வாடகை வாங்காமல் நாற்காலி அனுப்பிய பந்தல் கடை அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மூன்று செய்திகள் பேச வந்தேன். வார்டுக்குள் போன், கடைசியாக முகம் பார்ப்பது, பார்க்க முடியாமல் போனவர்களின் மனக்குறை.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும் என்பார்கள். 2020-இல் அதற்கும் வழியில்லை. பஸ் இல்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ்.

முதுகுளத்தூர் பக்கம் ஒரு அப்பத்தா, கொரோனா வார்டில். மகன் ஷார்ஜாவில், வெளிநாட்டில் சிக்கியவர்களை ஊருக்குக் கூட்டிவந்த வந்தே பாரத் விமானத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் கூப்பிடலாமே என்பீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் ஓடாது, அங்கே போட்டிம் (BOTIM) என்ற செயலிதான். நர்சம்மா போனில் போட்டிம் இல்லை. ஊரில் இருந்த தங்கச்சி மகன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு போனில் மாமாவை போட்டிமில் பிடித்தான், இன்னொன்றில் வார்டை வாட்ஸ்அப்பில் பிடித்தான். இரண்டையும் எதிரும் புதிருமாக வைத்துக்கொண்டான்! முதலில் மாமாவுக்குத் தெரிந்தது வார்டின் மின்விசிறி. அப்புறம் அப்பத்தா. ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்கிறார்: “மாடு கன்னு போட்டுச்சா?” ஷார்ஜாவில் இருப்பவருக்கு என்ன தெரியும்? “கிடாரி, அம்மாச்சி” என்று பையன் கத்துகிறான். “காட்டுடா.” இரண்டு கையிலும் போன், எதை வைத்துக் காட்டுவான்! அப்படியே தொழுவத்துக்கு ஓடினான். கன்று போனை நக்கியது. அம்மாவும் மகனும் சிரித்தார்களாம். மூன்றாம் நாள் அப்பத்தா இல்லை.

அவ்வளவு நேரமும் முழுக் கவச உடையில், கண்ணாடி ஆவி படிந்து, பாலிதீன் உறையில் போட்ட தன் சொந்த போனைப் பிடித்து நின்றவர் அந்த நர்சம்மா. டேட்டாவும் அவருடையது. மாட்டேன் என்றிருந்தால் கேட்க ஆளில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்து சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக், முடிந்த இடமெல்லாம் நெருங்கிய உறவினர் விடைபெற வழி செய்வதாக அறிவித்தார். நம் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகமும் ஜூலை கடைசியில், வார்டில் நோயாளிகள் ஸ்மார்ட்போன், டேப்லெட்டில் வீட்டாரோடு பேச அனுமதிக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அனுமதி சரி. அப்பத்தாவிடம் இருந்தது பட்டன் போன்.

அதனால்தான் கேட்கிறோம். கட்டிலும் சலைன் ஸ்டாண்டும் ஏறுகிற ஸ்டாக் ரிஜிஸ்டரில் வார்டுக்கு ஒரு போனும் ஏறட்டும். ரீசார்ஜ் அரசு செலவில். அதைப் பிடிக்க ஒருவருக்கு டூட்டி போடுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மற்ற இரண்டு செய்திகளும் அடுத்த கூட்டத்துக்கு. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகணும். நீங்கள் இன்று நல்லதுக்கே வந்திருக்கிறீர்கள். மனு வாசல் மேஜையில் இருக்கிறது, மருத்துவ அலுவலர் கிளம்புமுன் அவர் கையில் கொடுக்க வேண்டும். கையெழுத்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.