போர்ட் லூயிஸில் தமிழர் எத்தனை பேர்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

மொரீஷியஸ் பத்தின பேச்சைக் கேட்டுட்டு ஒரு நேயர் கேட்டிருந்தார்: "ஐயா, தலைநகர் போர்ட் லூயிஸ்ல எந்தெந்த இனத்தவர் எத்தனை சதவீதம்? தமிழர் எவ்வளவு? பிள்ளைங்க எந்த மொழியில படிக்குது?" மூணு நாளா எனக்கு இதே நினைப்புதான்.

சதவீதம் சொல்ல வழியில்லைங்க. "நீ எந்தச் சமூகம்"னு அங்க மக்கள்தொகைக் கணக்குல கடைசியா கேட்டது 1972-ல. 1982-ல அந்தக் கேள்வியையே எடுத்துட்டாங்க. பீகார் வழியினர், தமிழர், தெலுங்கர், மராத்தியர், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்கள், சீனர், பிரெஞ்சு வழியினர்னு எல்லாரும் இருக்காங்க. நம்ம ஆளுங்க பிரெஞ்சுக்காரன் காலத்துலயே பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனாரா, தச்சரா போனவங்க. கரும்புத் தோட்டக் கூலிங்க வந்தது அதுக்கு நூறு வருஷம் கழிச்சு. போர்ட் லூயிஸ்ல இருக்கற ஆப்ரவாசி காட் துறைமுகத்துல அவங்க கப்பல்ல வந்திறங்கி ஏறின கல்படியை அந்தப் பேச்சுலயே சொல்லியிருக்கேன்.

ஆனா கணக்கெடுப்புல ரெண்டு கேள்வி கேக்கறாங்க பாருங்க: உன் முன்னோர் பேசின மொழி எது? இப்ப வீட்டுல பேசறது எது? நான் எப்பவும் சொல்றதுதான், வேர்ல இருக்கற மொழி வேற, வாயில இருக்கற மொழி வேற. அங்க ஒரு தமிழ்ப் பிள்ளையை எடுத்துக்குங்க. வீட்டுல கிரியோல், அதாவது பிரெஞ்சுல இருந்து உருவான அந்த ஊர்ப் பேச்சுமொழி. பாடப்புத்தகம், பரீட்சை இங்கிலீஷ். அப்பா படிக்கிற பேப்பர் பிரெஞ்சு. தமிழ் பள்ளிக்கூடத்துல ஒரு விருப்பப்பாடம். 2012-லிருந்து கிரியோலும் அப்படி ஒரு பாடமாயிடுச்சு.

அப்ப தமிழ் எங்கதான் இருக்கு? இதைத்தான் நீங்க கேட்டிருக்கணும்! சிநேகிதர் கொண்டுவந்து குடுத்த மொரீஷியஸ் நூறு ரூபா நோட்டு என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில இருக்கு. அதுல தொகையை எழுதியிருக்கறது இங்கிலீஷுக்கு அடுத்து தமிழ்ல, அப்புறம்தான் இந்தியில. 1998-ல தமிழை இந்திக்குக் கீழே தள்ளி நோட்டு அடிச்சாங்க. தமிழர்கள் கொதிச்செழுந்தாங்க, நோட்டை வெளியிட்டவங்க அதையே திரும்ப வாங்கிட்டாங்க. வீட்டுல கிரியோல் பேசறவங்கதாங்க அப்படி எழுந்தது. எனக்கு இன்னிக்கும் நெஞ்சு நிறையுது.

இன்னொண்ணு சொல்றேன். அங்க மார்க்கெட்ல முருங்கைக்கீரைக்குப் பேரு "பிரெட் மூரூம்". பிரெட்னா கீரை, மூரூம் நம்ம முருங்கை. ரசத்துக்கு "ராசோன்". தமிழ் ஒரு வார்த்தை தெரியாத சீனக் குடும்பமும் அந்தக் கீரையை அந்தப் பேர் சொல்லித்தான் வாங்குது.