வெளியே வராத தரவுகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல்கலைக்கழக ஆசிரியர்களே, ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

போர் ஓய்ந்த சில மாதங்களில், 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தின் வீடுகளிலும் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் ஓர் உளநல ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. பங்குபற்றியோரில் 32.6 வீதமானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 7 வீதமானோரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன. இவ்வாறான வீதங்களை நாம் ஆய்வேடுகளிலும் மேடைகளிலும் எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் எந்த ஆய்வின் வீதமாயினும், அது எந்த அட்டவணையிலிருந்து கணிக்கப்பட்டது, அந்த அட்டவணை இன்று எவரிடம் இருக்கிறது, மற்றொருவர் அதைத் திறந்து மீளக் கணித்துப் பார்க்க முடியுமா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இது நமக்கு மட்டும் உரிய குறை அன்று. 2006இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அமெரிக்க உளவியற் சங்கத்தின் சஞ்சிகைகளில் வெளிவந்த 141 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு எழுதித் தரவுகளைக் கேட்டார்கள். கேட்டால் தருவோம் என்று அந்த ஆசிரியர்கள் முன்னரே ஒப்பமிட்டிருந்தும், 73 வீதமானோர் தரவில்லை. 2015இல், உளவியல் ஆய்வுகள் நூறு மீளச் செய்யப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 வீதமானவை புள்ளிவிபர ரீதியாகக் குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைக் காட்டியிருந்தன. மீளச் செய்தபோது அவ்வாறு காட்டியவை 36 வீதம் மட்டுமே. அதே முடிவு மீளக் கிடைக்காத ஆய்வுகள் எல்லாம் மோசடி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. சிறிய மாதிரிகளும், சாதகமான முடிவுகளையே அச்சிட விரும்பும் வழக்கமும் இதில் பெரும் பங்கு கொண்டவை. எனினும், தரவு மூடியிருக்கும் வரை தவறு எது, மோசடி எது, தற்செயல் எது என்று பிரித்தறிய வழியில்லை.

திறந்த தரவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். படிவத்தின் இறுதியில் அல்லாமல் தொடக்கத்திலேயே கையொப்பம் வாங்கினால் மக்கள் அதிகம் உண்மை சொல்வார்கள் என்று 2012இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வாகனக் காப்புறுதி பெற்றோர் தாம் ஓட்டிய தூரத்தைத் தெரிவித்த படிவங்கள் அதற்குச் சான்றாக வைக்கப்பட்டன. 2020இல், அதே ஆசிரியர்கள், ஆய்வை மீளச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை என்று எழுதியபோது, மூலத் தரவுக் கோப்பையும் வெளியிட்டார்கள். பிற ஆய்வாளர்கள் அந்த எக்ஸெல் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். மனிதர் வாகனம் ஓட்டும் தூரம் பெரும்பாலும் ஒரு நடுத்தர அளவைச் சுற்றியே குவியும். அங்கோ சுழியம் முதல் ஐம்பதாயிரம் மைல் வரை எல்லாத் தூரங்களும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பரவியிருந்தன. ஒரே நிரலில் இரண்டு வகை எழுத்துருக்கள் கலந்திருந்தன. 2021இல் கட்டுரை மீளப் பெறப்பட்டது. பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாத ஒன்று, கோப்பு வெளியே வந்த பின்னரே பிடிபட்டது.

இனி நமது இடத்துக்கு வருகிறேன். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நம்புவது ஆபத்தானது. 1990களில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில், பெயர் நீக்கி வழங்கப்பட்ட மருத்துவப் பதிவுகளிலிருந்து மாநில ஆளுநரின் பதிவையே லதான்யா சுவீனி என்ற ஆய்வாளர் கண்டெடுத்தார். பிறந்த திகதி, பால், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றும் அதற்குப் போதுமாக இருந்தன. நமது ஊர்களிலோ இதைவிடக் குறைவாகவே போதும். ஒரு கிராம அலுவலர் பிரிவு, வயது 52, கணவன் காணாமல் ஆக்கப்பட்டவர், பிள்ளைகள் மூவர், இடம்பெயர்ந்தது நான்கு தடவை: இந்த ஒரு வரியைப் பார்த்ததும் அயல் வீட்டார் அவரை அறிந்துகொள்வர். அவர் எந்த வினாவுக்கு எவ்வாறு பதிலளித்தார் என்பது அதன் பிறகு இரகசியமாக இராது. எமது மக்களுக்கு அதன் விளைவு வெறும் வெட்கத்தோடு நின்றுவிடாது.

இதற்காகத் தரவை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதை நான் ஏற்கவில்லை. வயதை வீச்சாகவும் கிராமத்தைப் பிரதேச செயலகப் பிரிவாகவும் மாற்றலாம். அதற்குப் பின்னும் ஆள் தெரியக்கூடிய தரவுகளை, எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967 முதல் இயங்கும் பிரித்தானியத் தரவுக் காப்பகம் செய்வதுபோல, உறுதிமொழி பெற்ற ஆய்வாளருக்கு மட்டும் கட்டுப்பாட்டுடன் வழங்கலாம். நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாகக் கருதுகிறது. நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கிப் பேணும் பணியை 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் செய்து காட்டியுள்ளனர். ஆய்வுத் தரவுகளுக்கும் அத்தகைய பொறுப்பான ஓரிடம் இங்கே வேண்டும்.

எவருக்கும் தீங்கு தராமல் இன்றே பகிரத்தக்கவையும் உள்ளன. தமிழ் வினாக்கொத்தையும் குறியீட்டு விளக்கத்தையும் முழுமையாக வெளியிடுங்கள். பதில் தராதவருக்கு 9 என்று இட்டிருந்தால் அதை எழுதி வையுங்கள். இல்லையேல் அடுத்தவர் அதையும் புள்ளியாகக் கூட்டிச் சராசரி எடுத்துவிடுவார்.

ஆய்வு முன்மொழிவு எழுதும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தரவு சேகரித்த பின்னர் பகிர்வைப் பற்றி யோசித்தால் காலம் கடந்துவிடும். பங்குபற்றியவரிடம் திரும்பச் சென்று அனுமதி கேட்பது பெரும்பாலும் நடவாது. ஆகவே சம்மதப் படிவத்திலேயே, ஆளை இனங்காட்டும் விபரங்கள் நீக்கப்பட்ட பின் உங்கள் பதில்கள் பிற ஆய்வாளருக்கு வழங்கப்படலாம், அதற்கு இணங்காவிடினும் நீங்கள் இந்த ஆய்வில் பங்குபற்றலாம் என்று தனியாக எழுதி, அதற்கெனத் தனிக் கையொப்பம் பெறுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு அதை வாய்விட்டு வாசித்துக் காட்டி, அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பின்னரே நேர்காணலைத் தொடங்குங்கள்.