பரண்ல பழைய துப்பாக்கியும் வாளும் கிடைச்சிருக்கு, பாலிஷ் போடலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம், முழுசா படிச்சிடறேன். "அண்ணா, சிவகங்கை பக்கம் எங்க தாத்தா வீட்ட இடிக்கும்போது பரண்ல சாக்கு சுத்தி ஒரு நாட்டுத் துப்பாக்கியும் ஒரு வாளும் இருந்துச்சு. துப்பாக்கி மருது பாண்டியர் காலத்துதுன்னு பெரியப்பா சொல்றாரு. பக்கவாட்டுல குதிரை, அதாவது சுத்தி மாதிரி வந்து அடிக்கிற பாகம் இருக்கு, அதுக்குக் கீழ சின்னதா ஒரு முளை இருக்கு. வாள்ல இங்கிலீஷ் எழுத்து மாதிரி தேஞ்சு போய் தெரியுது, அப்ப அது டூப்ளிகேட்டா? ரெண்டையும் கிரைண்டிங் வீல்ல போட்டு பளபளன்னு ஆக்கி ஹால்ல மாட்டலாமா? இதே மாதிரி புதுசா ஒண்ணு செய்ய முடியுமா?"

தம்பி, அந்த வீல மொதல்ல ஆஃப் பண்ணுங்க. பாலிஷ் பத்தி அப்புறம் பேசுவோம், அதுக்கு முன்னாடி துப்பாக்கி உள்ள வெடிமருந்து இருக்கா இல்லையான்னு உங்களுக்குத் தெரியுமா? அந்தக் காலத்துல காட்டுப்பன்னிக்காக மருந்த குழலுக்குள்ள கெட்டிச்சு வச்சிருப்பாங்க, சுட வேண்டிய தேவை வராது, அப்படியே பரண்ல ஏத்திருவாங்க, அந்த மனுஷனும் போய்ச் சேர்ந்திருப்பாரு. கருமருந்து ஈரம் படாம இருந்தா நூறு வருஷம் ஆனாலும் செத்துப் போகாது. தெரிஞ்சவங்க என்ன பண்ணுவாங்கன்னா, ஒரு மரக்குச்சிய குழல் வாய் வழியா அடிவரைக்கும் விட்டு, எவ்வளவு தூரம் போச்சுன்னு குறிச்சுக்கிட்டு, அதையே வெளிய குழல் மேல வச்சுப் பாப்பாங்க, குதிரை இருக்கிற இடத்துக்கு நாலு விரக்கடை முன்னாடியே நின்னுட்டா உள்ள ஏதோ இருக்குனு அர்த்தம். நீங்க அத செய்யாதீங்க, எதுக்கு இப்படின்னு புரியறதுக்காகச் சொல்றேன். சூடு காட்டுறது, டிரில் போடுறது, குதிரைய இழுத்து இழுத்து விட்டுப் பாக்குறது எதுவுமே வேண்டாம். வாய் யார் பக்கமும் திரும்பாம ஒரு மூலைல வச்சிட்டு குழந்தைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க.

இப்ப பெரியப்பா சொன்னதுக்கு வர்றேன், அவரு கோச்சுக்கக் கூடாது. நீங்க சொன்ன அந்த முளை இருக்கே, அதுதான் மேட்டரே. அதுமேல கேப்புன்னு சின்னதா ஒரு செம்புத் தொப்பிய மாட்டுவாங்க, குதிரை வந்து அடிச்சா கேப்பு வெடிச்சு நெருப்பு குழலுக்குள்ள போகும். அடிச்சா வெடிக்கிற மருந்த வச்சு துப்பாக்கிய பத்த வைக்கலாம்ங்கிற ஐடியாவுக்கு ஸ்காட்லாந்துல ஃபோர்சித்னு ஒரு பாதிரியார் பேட்டண்ட் வாங்கினதே 1807ல தான், கேப்பு அதுக்கும் பின்னாடிதான் வந்துச்சு, பட்டாளத்துக்குப் பரவலா போனது 1840 வாக்குல. மருது சகோதரர்கள திருப்பத்தூர்ல தூக்குல போட்டது 1801 அக்டோபர் 24. கணக்கு இடிக்குதுல்ல? அவங்க காலத்துல இருந்தது ஒண்ணு திரித் துப்பாக்கி, வெடியுப்புல ஊறவச்ச கயித்துத் திரிய ஒரு கொக்கி கவ்விக்கிட்டு கிண்ணத்துல இருக்கிற மருந்துக்குள்ள இறக்கும், இன்னொண்ணு கம்பெனிக்காரன் வச்சிருந்த சக்கிமுக்கிக்கல் துப்பாக்கி.

அதுக்காக பெரியப்பா சொல்றது முழுப் பொய்யின்னும் நான் சொல்ல மாட்டேன். ஏன்னா கல் துப்பாக்கிய பின்னாடி கேப்புக்கு மாத்தினது எக்கச்சக்கம். மாத்தியிருந்தா தடயம் இருக்கும், குதிரை மாட்டியிருக்கிற அந்தத் தகட்டுல முன்னாடி மருந்துக் கிண்ணம் உக்காந்திருந்த இடத்துல திருகு ஓட்டைய அடைச்ச தழும்பு லேசா தெரியும். தகட்டுல பின்னங்கால்ல நிக்கிற சிங்கம் இருந்தா கிழக்கிந்தியக் கம்பெனி சரக்கு, அதுக்கு முந்தினதுல இதய வடிவத்துல ஒரு முத்திரை இருக்கும். இன்னொண்ணும் யோசிக்கணும், மருது சகோதரர்களோட நடந்த போர் முடிஞ்ச கையோட 1801 டிசம்பர்ல சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரங்க சீமைல யாரும் ஆயுதம் வச்சிருக்கக் கூடாதுன்னு அறிக்கை விட்டான், கோட்டைய இடிச்சு ஆயுதத்த எல்லாம் பிடுங்கினாங்க, அதுக்குத் தப்பி ஒரு துப்பாக்கி வீட்ல நின்னுச்சுன்னா அது பெரிய விஷயம்தான். ஆனா அத நிரூபிக்கிறது அந்தத் தழும்பும் முத்திரையும் மட்டும்தான், நீங்க வீல்ல போட்டா மொதல்ல போறதும் அதே ரெண்டுதான். பெரியப்பாவோட ஒரே சாட்சிய நீங்களே கொன்ன மாதிரி ஆயிடும்.

வாள்ல இங்கிலீஷ் எழுத்து இருந்தா டூப்ளிகேட்னு நெனச்சுக்காதீங்க, எனக்கு அதக் கேட்டதும் ஆர்வமாயிருச்சு. ஐரோப்பாவுல இருந்து வந்த வாள் அலகுக்கு நம்ம ஊர்க்காரங்க கைப்பிடி போட்டு வச்சுக்கிறது ரொம்ப சகஜம், மராட்டியர் பக்கம் ஃபிரங்கின்னே அதுக்குப் பேரு. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலைல இருந்த கட்டாரிகள்ல, அதாவது குத்துவாள்கள்ல, நெறைய பாருங்க, உடைஞ்ச ஐரோப்பிய வாள வெட்டி நம்ம கைப்பிடில ஆணி அடிச்சு சேத்திருப்பாங்க, அதுல கொஞ்சம் எழும்பூர் மியூசியத்துல இருக்கு, சென்னை வந்தா போய்ப் பாருங்க. ஆந்த்ரியா ஃபெராரான்னு ஒரு இத்தாலிக் கொல்லர் பேர அந்தக் காலத்துலயே ஜெர்மனில சோலிங்கன் ஊர்க்காரன் எவன் எவனோ அலகுல அடிச்சு வித்தான், ஜெனோவாக்காரன் போடுற அரிவாள் மாதிரி ரெட்டைக் குறிய நம்ம ஊர்க் கொல்லரும் பாத்து அப்படியே அடிச்சாங்க. போலி பிராண்டு எல்லாம் நேத்து வந்ததில்ல. அதனால அங்க இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் வேணும், தேஞ்சதோட இருக்கட்டும்.

எழுத்து ஒருவேளை பின்னாடி யாரோ வெட்டினது, அலகு நம்ம ஊரு உருக்குதான்னு வச்சுக்குவோம், அப்ப இன்னும் உஷார். பழைய தென்னார்க்காட்டுல மேல்சிறுவளூர் மாதிரி இடங்கள்ல மூசைல, அதாவது உருக்குற மண்குவளைல, வச்சு உருக்கின எஃகோட தடயம் கிடைச்சிருக்கு, கார்பன் ஒண்ணு ஒண்ணரை சதவீதம் இருக்கிற சரக்கு. அந்த மாதிரி எஃகுல அடிச்ச நல்ல வாள்ல தண்ணி அலை மாதிரி வரி ஓடும், லண்டன்ல விஞ்ஞானி ஃபாரடே வரைக்கும் உக்காந்து ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. துருவுக்கு அடில அந்த வரி இருக்கலாம். வீல் போட்டா வரி மங்கிடும், அத மறுபடி எடுத்துக் காட்ட விஷயம் தெரிஞ்ச ஆளு வேணும், சூடு ஏறினா அந்த எஃகே கெட்டுப் போகும். இப்ப மார்க்கெட்ல ஆசிட்ட வச்சு வரி வரஞ்சு பழசுன்னு விக்கிறான், நீங்க ஒரிஜினல தேச்சு புதுசாக்கப் பாக்குறீங்க. பருத்தித் துணில மெஷின் ஆயில் லேசா தொட்டுத் துடைங்க, அது போதும். தேங்காண்ணெய் வேண்டாம், பிசுக்கு பிடிச்சு தூசி ஒட்டும். பித்தளைக் கைப்பிடின்னா அம்மா கண்டிப்பா புளி எடுத்துட்டு வருவாங்க, தடுத்துருங்க. ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வச்சா மறுநாள் துடைச்சிருங்க, ஈரம் நின்ன இடத்துல குழி விழும்.

சட்டத்த சுருக்கமா சொல்லிடறேன். 1959 ஆயுதச் சட்டம் 45வது பிரிவுல பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு இருக்கு, ஆனா ரிப்பேர் பண்ணினாலும் பண்ணாட்டியும் சுடவே முடியாததா இருக்கணும். குதிரை வேலை செய்யுது, குழல் அடைக்கல, அப்படின்னா பழசுங்கிற ஒரே காரணம் உங்களக் காப்பாத்தாது. தாத்தா பேர்ல லைசென்ஸ் இருந்திருந்தா அது அவரோட போச்சு, 21வது பிரிவுப்படி ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். தூக்கிட்டு பஸ் ஏறிராதீங்க, வக்கீல் ஒருத்தர்கிட்ட பேசி, ஸ்டேஷனுக்கு எழுத்துல தகவல் கொடுத்து போலீஸையே வந்து எடுக்கச் சொல்லுங்க, ரசீது வாங்குங்க. வாளும் ஆயுதப் பட்டியல்ல வருது, 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ உள்ள கத்தியும் அதுல சேர்த்தி, வீட்டு வேலை விவசாய வேலைக் கத்திக்குத்தான் விலக்கு, அதனால அந்தக் கடிதத்துலயே வாளையும் சேத்து எழுதிருங்க. நூறு வருஷம் தாண்டினது 1972 தொல்பொருள் சட்டத்துல வருது, வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, யாராவது துபாய்ல இருந்து விலை பேசினா ஃபோன கட் பண்ணுங்க.

புதுசா செய்யிறது, அதுக்கு நோ. அமெரிக்காக்காரன் வீட்டு ஷெட்ல கிட் வாங்கி குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற ரைஃபிள் செய்யிற வீடியோ பாத்திருப்பீங்க, அங்க 1968 சட்டத்துல அந்த வகைக்கு பெரும்பாலும் விலக்கு. இங்க லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செஞ்சா நேரா ஜெயில்தான். ஆசை இருந்தா முழுக்க மரத்துல ஒரு மாடல் செய்யுங்க, ஹால்ல அத மாட்டுங்க.

ஸ்டேஷனுக்குக் கடிதம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, கைல எடுக்காம, இருக்கிற இடத்துலயே வச்சு குதிரை மாட்டியிருக்கிற அந்தப் பூட்டுத் தகடையும் வாள் எழுத்தையும் பக்கவாட்டு வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, கிண்ணம் இருந்த தழும்பு இருக்கான்னு பாத்துச் சொல்றேன்.